மைனிங் ஓஞ்சும் கிராபிக்ஸ் கார்டு விலை ஏன் இறங்கல, மைனிங் கார்டை நம்பி வாங்கலாமா

கேள்வி இதான்: ஈத்தீரியம்ங்கற கிரிப்டோ காயினை கார்டை வச்சு கணக்கு போட்டு சம்பாதிக்கற மைனிங் நின்னு வருஷக்கணக்காச்சு, அப்புறமும் ஏன் கார்டு விலை பழைய நிலைக்கு வரல, கூடவே மைனிங்ல ஓடுன ஒரு ஆர்டிஎக்ஸ் 3080 மலிவா வருது, வாங்கலாமா வேணாமா. ரெண்டுக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா மைனிங் கார்டை எப்படி வேலை வாங்குச்சுன்னு புரிஞ்சாத்தான் பழைய கார்டுல எந்த இடத்தை தொட்டு பாக்கணும்னு தெரியும்.

முதல்லயே ஒத்துக்கறேன், நானும் மைனிங் பண்ணவன்தான். 2017 கடைசில கேம் ஆட வாங்கி வச்சிருந்த ஜிடிஎக்ஸ் 1070ல ஒரு அஞ்சு மாசம் ஓட்டுனேன். ரூம்ல அடுப்பு எரியுற மாதிரி சூடு, ராத்திரி பூரா ஃபேன் சத்தம். ஆனா அதைவிட விசித்திரமான ஒரு விஷயம் நடந்துச்சு, கேம் ஆட மனசே வராது. ஒரு மணி நேரம் ஆடுனா அந்த ஒரு மணி நேர காசு போச்சேன்னு தோணும். ஆசைக்கு வாங்குன சாமான் திடீர்னு கறவை மாடு ஆயிடுச்சு. கேமருக்கு கார்டுங்கறது செலவு, மைனருக்கு அது முதலீடு. ஒரே அட்டைப்பெட்டிய இந்த ரெண்டு பேரும் ரெண்டு விதமா விலை போட்டா யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

இதுல நிறைய பேர் பிட்காயினை திட்டுவாங்க. அது நியாயமில்ல. பிட்காயின் 2009ல சாதாரண பிராசசர்ல ஆரம்பிச்சது, அப்புறம் கொஞ்ச காலம் கிராபிக்ஸ் கார்டுல ஓடுச்சு, 2013லயே அதுக்குன்னு தனியா செஞ்ச ஏசிக் சிப்பு வந்துருச்சு, அதுக்கப்புறம் கார்டுல பிட்காயின் எடுக்கறது மாட்டுவண்டில ரேஸ் போற மாதிரி. அதே 2013 கடைசில லைட்காயின்னு ஒன்னு சூடு பிடிச்சப்ப கார்டு செய்யற ஏஎம்டி கம்பெனியோட ஆர்9 290 வரிசை கடைல இல்லாம போச்சு, இருந்ததும் பட்டியல் விலைக்கு மேல. அதுக்கும் சீக்கிரமே ஏசிக் வந்து கார்டை விடுவிச்சுது. நமக்கு உண்மையான வினை 2015 ஜூலைல வந்த ஈத்தீரியம்.

ஏன் ஈத்தீரியம் மட்டும் இவ்வளவு நாள் கார்டை பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னா, அதோட ஈத்ஹாஷ் கணக்கை வேணும்னே மெமரிய பிழியுற மாதிரி எழுதியிருந்தாங்க, ஏசிக் காரங்க சுலபமா உள்ள வரக்கூடாதுன்னு. டாக்னு ஒரு பெரிய தரவு மூட்டை, ஆரம்பத்துல 1 ஜிபி, ஒவ்வொரு 30,000 பிளாக்குக்கும் (பரிவர்த்தனை பதிவு தொகுப்பு) 8 எம்பி வளரும். ஒரு ஹாஷ், அதாவது ஒரு தடவ கணக்கு, போடணும்னா அந்த மூட்டைக்குள்ள 64 தடவ கண்டபடி கைய விட்டு ஒவ்வொரு தடவயும் 128 பைட் எடுக்கணும், அதாவது ஒரு ஹாஷுக்கு 8 கேபி. இப்ப ஒரு விளையாட்டு கணக்கு போட்டு பாருங்க. ஆர்எக்ஸ் 580க்கு மெமரி வேகம் வினாடிக்கு 256 ஜிபி. அதை 8 கேபியால வகுத்தா வினாடிக்கு 31 மெகாஹாஷ், அதாவது 3.1 கோடி ஹாஷ் வருது. நிஜத்துல அந்த கார்டு குடுத்ததும் 30 சுமார்தான்! ஆர்டிஎக்ஸ் 3080க்கு 760 ஜிபி, வகுத்தா 92, மெமரிய ஓவர்கிளாக் பண்ணி, அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டி, 100 எடுத்தாங்க. கேம்ல 3080க்கு சரிக்கு சரி நிக்கிற ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டிக்கு 512 ஜிபிதான், அதனால அது 62, 64லயே நின்னு போச்சு, அதுல இருக்கற இன்ஃபினிட்டி கேஷ்ங்கற 128 எம்பி வேகமான சின்ன மெமரி கேமுக்கு பெரிய உதவி, பல ஜிபி மூட்டைல கண்ட இடத்துல கைய விடற வேலைக்கு அது ஒன்னுத்துக்கும் ஆகல. அப்ப ஒரு கார்டுக்கு மைனர் குடுக்கற மதிப்பு கேம்ல வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) வருதுங்கறதுல இல்ல, மெமரி வேகத்துல இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

மைனர் எப்படி விலை போடுவான்னு பாப்போம். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 2020 டிசம்பர்ல வந்தப்ப பட்டியல் விலை 399 டாலர், மின்சாரத்தை இறுக்கி பிடிச்சா 120 வாட்டுல 60 மெகாஹாஷ் குடுக்கும், நாளைக்கு மூணு யூனிட் கரண்ட் கூட ஆகாது. கரண்ட் காசு போக நாளைக்கு 4 டாலர் 60 சென்ட் நிக்குதுன்னு வச்சுக்கங்க, 87 நாள்ல போட்ட காசு திரும்பிடும், அப்புறம் வர்றதெல்லாம் லாபம், கடைசில கார்டையும் வித்துக்கலாம். சரி கடைக்காரர் 800 சொல்றார், மைனருக்கு என்ன, 87 நாள் 174 நாள் ஆகும், அவ்வளவுதான், அவன் பத்து கார்டு வாங்கிட்டு போயிடுவான். ஆறு மாசம் காசு சேத்துட்டு வந்து நிக்கிற காலேஜ் பையனுக்கு 800ங்கறது 399 இல்ல. கார்டோட விலைய கடைக்காரரும் முடிவு பண்ணல, கம்பெனியும் முடிவு பண்ணல, அன்னிக்கு ஈத்தீரியம் என்ன விலைல போகுதோ அதுதான் முடிவு பண்ணுச்சு.

இது ரெண்டு அலையா வந்துச்சு. முதல் அலை 2017. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 எல்லாம் ஆவியாயிடுச்சு, பின்னாடியே ஜிடிஎக்ஸ் 1060, 1070ம் போச்சு. அப்ப அசூஸ் ஒரு மதர்போர்டு விட்டான், பி250 மைனிங் எக்ஸ்பர்ட்னு, ஒரே போர்டுல 19 பிசிஐ ஸ்லாட்டு, படத்தை பாத்தா சீப்பு மாதிரி இருக்கும். 2018ல காயின் விலை சரிஞ்சதும் அத்தனையும் பழைய சாமான் சந்தைக்கு வந்து கொட்டுச்சு, கம்பெனிகள் கைலயும் விக்காத சரக்கு தேங்கி போச்சு. அந்த சமயம் கேமிங் வியாபாரம் வளந்ததுல மைனிங் பங்கு எவ்வளவுன்னு முதலீட்டாளர்களுக்கு சரியா சொல்லலைன்னு அமெரிக்க பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் கார்டு செய்யற என்விடியா மேல நடவடிக்கை எடுத்து, 2022 மே மாசம் 55 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க, தப்பை ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்ல. கேமருக்குன்னு எழுதியிருந்த கணக்குல மைனர் எத்தனை பேர்னு நம்ம கேட்டுக்கிட்டே இருந்தோம்ல, அதே கேள்விதான்.

ரெண்டாவது அலை 2020 கடைசிலருந்து 2022 வரைக்கும். இதுல எல்லா பழியையும் மைனர் தலைல போடறது தப்பு. கொரோனால எல்லாரும் வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர் வாங்குனாங்க, உலகம் பூரா சிப்பு பற்றாக்குறை, கார் கம்பெனியே சிப்பு இல்லாம லைனை நிறுத்துனான், இதுக்கு நடுவுல பாட்ங்கற தானியங்கி சாஃப்ட்வேர் வச்சு கடை திறந்த நொடில அள்ளிக்கிட்டு போயி ஏத்தி விக்கிற ஸ்கால்பர் கூட்டம் வேற. 2020 செப்டம்பர்ல 699 டாலர்னு அறிவிச்ச 3080 கைமாத்து சந்தைல ரெண்டு மடங்குக்கு மேல போனதுல இவங்க எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனா ஸ்கால்பர் ரெண்டு மடங்கு கேட்டா குடுக்க ஆள் இருந்துச்சு பாருங்க, அந்த ஆளு பெரும்பாலும் மைனர்தான்.

என்விடியா அதுக்கு ஒரு பூட்டு போட்டான், 2021 பிப்ரவரில வந்த 3060ல ஈத்தீரியம் மைனிங்கை கண்டுபிடிச்சா வேகத்தை பாதியாக்கற மாதிரி. அடுத்த மாசமே அவங்களே விட்ட ஒரு பீட்டா டிரைவர்ல, 470.05, அந்த பூட்டு தவறுதலா திறந்து கிடந்துச்சு. சிரிக்கறதா அழறதா! மே மாசத்துலருந்து மத்த கார்டுகளுக்கும் எல்ஹெச்ஆர்னு பேர் போட்டு பூட்டுனாங்க, மைனிங் சாஃப்ட்வேர் காரங்க கொஞ்சம் கொஞ்சமா நோண்டி நோண்டி 2022 மே மாசத்துல முழுசா திறந்துட்டாங்க. கூடவே சிஎம்பின்னு டிஸ்பிளே போர்ட்டே இல்லாத மைனிங் கார்டு தனியா வித்தாங்க, கேமருக்கு கார்டு மிச்சமாகும்னு சொல்லி. எனக்கு அது பிடிக்கல. சாதாரண கார்டு மைனிங் முடிஞ்சு ஏதோ ஒரு பையன் கைக்கு பாதி விலைல போயி இன்னும் நாலு வருஷம் ஓடும், அந்த போர்ட் இல்லாத கார்டு நேரா குப்பைக்குத்தான்.

அடி கார்டோட நிக்கல. கரண்டை அதிகம் வீணாக்காததுன்னு சான்று வாங்குன 80 பிளஸ் கோல்டு பவர் சப்ளைல பெரிய வாட்டேஜ் எல்லாம் காணாம போச்சு, பல கார்டை ஒன்னா மாட்டுன மைனிங் ரிக்குக்கு அதுதான் வேணும். 2021 மே மாசத்துல சியான்னு ஒரு காயின் சந்தைக்கு வந்துச்சு, ஃபைல் பகிர்ற பிட்டோரன்ட்டை கண்டுபிடிச்ச பிராம் கோஹன் ஆரம்பிச்சது, கரண்ட் திங்காத பசுமை காயின்னு விளம்பரம், ஹார்டு டிஸ்க்ல காலி இடம் இருந்தா போதும்னாங்க. ஆனா அந்த இடத்தை நிரப்பற பிளாட்டுங்கற ஃபைலை தயாரிக்க வேகமான எஸ்எஸ்டி வேணும், 100 ஜிபி சொச்சம் வர்ற ஒரு பிளாட்டு செய்ய உள்ளுக்குள்ள ஒன்றரை டெராபைட் அளவுக்கு எழுதி எழுதி அழிக்கும். வழக்கமான 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டெராபைட் எழுதற அளவுதான் வாரன்டி குடுப்பாங்க, அப்ப 400 பிளாட்டுல ஆயுசு முடிஞ்சுது, நாளைக்கு பத்து போட்டா நாப்பதே நாள். அந்த சீசன்ல பெரிய ஹார்டு டிஸ்க்கும் விலை ஏறுச்சு, கொஞ்ச மாசத்துல சியா விலை சரிஞ்சதும் அந்த எஸ்எஸ்டி எல்லாம் எங்க போயிருக்கும்னு நினைக்கறீங்க? அதனால பழைய எஸ்எஸ்டி யார் குடுத்தாலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல மொத்தம் எவ்வளவு எழுதியிருக்குன்னு பாக்காம காசு குடுக்காதீங்க.

2021 மே, ஜூன்ல சீனா மைனிங்கை நசுக்குச்சு, கொஞ்சம் மூச்சு விட்டோம், திரும்ப ஏறுச்சு. கடைசில 2022 செப்டம்பர் 15, மெர்ஜ். ஈத்தீரியம் மைனிங்கை விட்டுட்டு, காயினை பிணையா வச்சு பரிவர்த்தனைய சரிபாக்கற முறைக்கு மாறிடுச்சு, ஒரே நாள்ல கார்டுக்கு வேலையே இல்ல. ஈத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின்னு வேற காயினுக்கு ஓடி பாத்தாங்க, அந்த சின்ன குளத்துல இத்தனை பேர் இறங்குனா தண்ணி எங்க இருக்கும், கரண்ட் காசு கூட வரல. மொனேரோங்கற காயின் 2019 நவம்பர்லருந்து ரேண்டம்எக்ஸ்னு பிராசசருக்கு ஏத்த கணக்குக்கு மாறிடுச்சு, அதுக்கும் கார்டு தேவையில்ல.

சரி, அப்ப விலை ஏன் இறங்கல? இறங்குச்சு, பழைய கார்டு சந்தைல நல்லாவே இறங்குச்சு. மெர்ஜ் வர்றதுக்கு முன்னாடியே தேவை படுத்துருச்சு, 2022 நடுவுல ஒரே காலாண்டுல என்விடியாவோட கேமிங் வருமானம் முந்தின காலாண்டை விட 44 சதவீதம் குறைஞ்சுது. ஆனா புது கார்டு வந்தப்ப பாருங்க, 699 டாலர் 3080 இருந்த இடத்துல 4080ங்கற பேர்ல 1,199 டாலர். சத்தம் போட்டாங்க, 2024 ஜனவரில 4080 சூப்பர்னு 999க்கு வந்துச்சு, 2025 ஜனவரில 5080ம் 999னுதான் அறிவிச்சாங்க. சிப்பு செஞ்சு குடுக்கற டிஎஸ்எம்சியோட வேஃபர் (சிப்பு செய்யற சிலிக்கன் தட்டு) விலை ஏறுனது உண்மை, சிப்புல டிரான்சிஸ்டர் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும்ங்கற மூர்ஸ் லா செத்துருச்சுன்னு என்விடியா தலைமை அதிகாரி ஜென்சன் ஹுவாங் அப்ப சொன்னதும் அதை வச்சுத்தான். ஆனா என் கருத்து, வேஃபர் பாதி காரணம்தான். ரெண்டு வருஷமா ஜனங்க 1,500 டாலர் குடுத்து 3080 வாங்குனதை கம்பெனி கண் கொட்டாம பாத்துக்கிட்டு இருந்துச்சு, அந்த கூடுதல் காசு முழுக்க இடைல இருக்கறவன் பாக்கெட்டுக்கு போச்சு, அடுத்த தடவ அதை நாமளே வாங்கிக்கலாமேன்னு எந்த வியாபாரிக்கும் தோணத்தான் செய்யும்.

அடிமட்டத்துலதான் எனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி. 2016ல ஆர்எக்ஸ் 480 4 ஜிபி 199 டாலர், மெமரிக்கு போற பாதை 256 பிட் அகலம். 2022 ஜனவரில ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, அதே 199 டாலர், அதே 4 ஜிபி, பாதை 64 பிட்தான், மதர்போர்டோட பேசற பிசிஐ லேன் நாலே நாலு, வீடியோ என்கோடர் கூட வெட்டிட்டாங்க. டாக் மூட்டை 2020 கடைசிலயே 4 ஜிபிய தாண்டிடுச்சுல்ல, அதனால 4 ஜிபி கார்டை மைனர் சீண்ட மாட்டான்னு அதை ஒரு நல்ல குணமா சொல்லி வித்தாங்க. அஞ்சரை வருஷம் கழிச்சு அதே காசுக்கு அதே மெமரிய வாங்குனவன் அதுக்கும் சந்தோஷப்பட வேண்டியிருந்துச்சு! 2016ல வந்த ஜிடிஎக்ஸ் 1060 ஸ்டீம்ங்கற கேம் கடை எடுக்கற சர்வேல 2022 வரைக்கும் முதலிடத்துல இருந்ததுக்கு அந்த கார்டு நல்ல கார்டுங்கறது மட்டும் காரணமில்ல, மாத்தறதுக்கு வழியில்லாம ஒட்டிக்கிட்டு இருந்த கூட்டமும் அதுக்குள்ள இருக்கு. கேம் எழுதறவனும் அந்த கார்டை மனசுல வச்சுத்தான் எழுதணும். இப்ப மைனர் இடத்துல ஏஐ டேட்டா சென்டர் வந்து உக்காந்துருச்சு, 2025 கடைசில ரேம் விலை எகிறுனது அதனாலதான், காயின் மாதிரி ஒரு ராத்திரில கவுந்துடும்னு இதுல எதிர்பாக்கவும் முடியாது.

ஒரு சின்ன விஷயம் நடுவுல. மைனிங் இன்னும் உங்க கம்ப்யூட்டர்ல நடக்கலாம், உங்களுக்கு தெரியாம. கிராக் பண்ண கேம் இறக்குனா கூடவே மொனேரோ மைனர் ஒன்னு வர்றது சர்வசாதாரணம். சும்மா இருக்கறப்ப ஃபேன் கத்தும், டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே அமைதியாயிடும், அந்த அளவுக்கு விவரமா எழுதியிருப்பாங்க. இதைவிட கூத்து, 2021ல நார்ட்டன் ஆன்டிவைரசே தன் பாக்கேஜுக்குள்ள ஈத்தீரியம் மைனிங்கை வச்சு குடுத்து 15 சதவீதம் கமிஷன் எடுத்துச்சு.

இப்ப உங்க 3080. முதல்ல ஒரு கதை. சித்தி பையன் ஒருத்தன் பழைய ஆர்எக்ஸ் 580 வாங்கிட்டு வந்து, "அண்ணே, டெஸ்க்டாப்ல நல்லா இருக்கு, கேம் திறந்தா பத்து நிமிஷத்துல கருப்பாயிடுது, விக்கிறவன் விண்டோஸ் பிரச்சனைங்கறான்"னான். மாட்டி ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற கண்காணிக்கற சாஃப்ட்வேரை திறந்தேன். கார்டோட முக்கிய சிப்பான கோர் 1,340 மெகாஹெர்ட்ஸ் போக வேண்டியது 1,150லயே நிக்குது, மெமரி எரர்னு ஒரு வரி இருக்கும், கேம் ஓட ஓட அந்த எண்ணு ஏறிக்கிட்டே போகுது. சரிதான், கார்டை இயக்கற உள் மென்பொருளான பயாஸை மாத்தி மைனிங்குக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கான், கோரை இறக்கி மெமரி டைமிங்கை இறுக்கியிருக்கான். மைனிங்ல ஒரு ஹாஷ் தப்பா போனா நஷ்டம் ஒன்னுமில்ல, அடுத்தது ஓடும், கேம்ல ஒரு பிட் தப்பானா ஆட்டம் காலி. நல்லவேளை அந்த மாடல்ல கார்டு விளிம்புல ரெண்டு பயாஸுக்கு ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, நகத்தால தள்ளி விட்டேன், ரெண்டாவதுல கம்பெனி பயாஸ் அப்படியே இருந்துச்சு. கழட்டி பாத்தா சூட்டை கடத்தற தெர்மல் பேஸ்ட் காஞ்ச வயல் மாதிரி வெடிச்சு கிடக்கு, ஒரு ஃபேன் விரலால சுத்துனா கரகரங்குது. பேஸ்ட் போட்டு ஃபேன் மாத்துனோம். "பேசாம முதல்லயே உங்ககிட்ட காட்டியிருக்கலாம்ணே"ன்னான். மூணு வருஷமா ஓடுது.

அதனால மைனிங் கார்டுன்னாலே செத்த கார்டுன்னு நான் நினைக்கல. விவரமான மைனர் கோருக்கு வோல்டேஜை குறைச்சுத்தான் ஓட்டுவான், கரண்ட் பில் அவன் காசுல்ல. தினம் சூடாகி ஆறி சூடாகி ஆறுற கேமிங் கார்டை விட ஒரே சூட்டுல ஓடுன கார்டோட சால்டர் நல்லாவே இருக்கலாம். தேய்ஞ்சு போறது ஃபேனும் மெமரியும்தான், அதான் மேல கணக்கு போட்டு காட்டுனது. 3080ல ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, அது சும்மாவே சூடு, மைனிங்ல 110 டிகிரி தொட்டு தன்னாலயே வேகத்தை குறைச்சுக்கற அளவுக்கு போகும், மெமரி சூட்டை கடத்தற தெர்மல் பேடு எண்ணெய் விட்டு சுருங்கியிருக்கும்.

நேர்ல போங்க. பிராக்கெட் ஸ்க்ரூ துரு பிடிச்சிருக்கா, போர்டுல வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, மொத்தமா தண்ணில கழுவி வித்தவங்களும் உண்டு. ஃபர்மார்க்குங்கற டெஸ்ட் சாஃப்ட்வேரை மட்டும் ஓட்டி காட்டுனா ஏமாறாதீங்க, அது கோரைத்தான் வறுக்கும், ஓசிசிடிங்கற சாஃப்ட்வேர்ல வீராம் (கார்டு மெமரி) டெஸ்ட் ஓட்ட சொல்லுங்க, ஒரு எரர் வந்தாலும் எந்திரிச்சு வந்துடுங்க. எரர் இல்லாம, மெமரி ஜங்ஷன் சூடு, அதாவது மெமரி சிப்புக்கு உள்ள இருக்கற சூடு, கேம்ல 100க்கு மேல போனா பேடு மாத்தற செலவை விலைலருந்து கழிச்சு கேளுங்க, அது சரி பண்ணக்கூடிய விஷயம். ஜிபியு-இசட்ங்கற சாஃப்ட்வேர்ல பயாஸ் எண்ணை கம்பெனி எண்ணோட ஒப்பிட்டுக்கங்க. 10 ஜிபி மெமரி இன்னிக்கு சில கேமுக்கு பத்தலங்கறதையும் பேரத்துல சொல்லுங்க. அரை மணி நேரம் ஓட்டி காட்ட மாட்டேன்னா அந்த 3080 வேணாம், வேற 3080 வரும், சந்தைல இன்னும் நிறைய கிடக்கு.